பம்பர் இடிபட்டது, பாட்டன்மார் இறங்கினார்கள்

நான் கார் ஓட்டப் பழக்குபவன். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில், என் வீட்டு வாசலில் நிற்கும் சின்ன வெள்ளைக் காரின் தலையில் சிவப்பு 'எல்' எழுத்துப் பலகை ஒன்று இருக்கிறது. பல வருடங்களாக எங்கள் வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. என்னிடம் பழகிப் போனவர்களில் தமிழர், வங்காளிகள், ருமேனியர் என்று எல்லாரும் உண்டு. ஆனால் அந்தக் காருக்குள் நான் அதிகம் சிரித்தது ஒரு சோமாலியப் பெண்மணிக்குப் பழக்கிய காலத்தில்தான்.

அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. சிறு பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்றில் வேலை. கணவர் லொறி ஓட்டுபவர். "வீட்டிலையே ஒரு ட்ரைவரை வைச்சுக்கொண்டு என்னட்டை ஏன் வாறியள்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அவர் ஒருநாள் பழக்கினவர், மாலின். அதுக்குப் பிறகு ஒரு கிழமை நாங்கள் ரெண்டுபேரும் பிள்ளையளுக்கு ஊடாகத்தான் கதைச்சனாங்கள்."

மாலின் என்றால் அவர்களுடைய மொழியில் ஆசிரியர். அந்தச் சொல்லின் நடுவில் தொண்டைக்குள் ஒரு சின்னத் தடக்கல் இருக்கிறது. அது எனக்கு இன்றுவரை வரவில்லை. எங்களுக்கு இடையில் ஓடியது ஆங்கிலம்தான், ஆளுக்கொரு வகை ஆங்கிலம். ஆனால் அவர் பேசுவது என் காதில் விழும்போதே யாழ்ப்பாணத் தமிழாக மாறிவிடும். அப்படியே எழுதுகிறேன்.

அவருக்கு கியர் வந்தது, பிரேக் வந்தது, பக்கவாட்டில் நிறுத்துவதுகூட வந்தது. வராத ஒன்று, தெருவில் போகிற சோமாலியரைக் கண்டும் காணாமல் போவது. பாதசாரிக் கடவையில் ஒரு கிழவர் கடந்தால், "இவர் அம்மா பக்கம்" என்பார். பஸ் தரிப்பில் ஒரு பெண் நின்றால், "இவ எங்கடை ஆக்கள்தான், ஆனா கொஞ்சம் தள்ளி" என்பார்.

"நீங்கள் கண்ணாடியைப் பாக்கிறியளோ, சொந்தக்காரரைப் பாக்கிறியளோ?" என்று கேட்டால், "ரெண்டும் பின்னாலை வாறதைப் பாக்கிறதுதானே" என்பார்.

அவர்களுக்குள் ஒரு சில பெரிய குலங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கிளைகள், கிளைக்குள் கிளைகள் என்று எனக்குப் பாடமெடுத்தவர் அவர்தான். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை எழுதி மற்றதை விட்டால், விடுபட்டதிலிருந்து யாராவது தேடிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், அப்பாவின் அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர் என்று வரிசை பின்னால் போய்க்கொண்டே இருக்கும். அதை அப்படியே ஒப்புவிப்பதற்கு அப்திர்ஸி என்று பெயர், அதாவது தகப்பன்மாரை எண்ணுவது. கல்யாணம் செய்தாலும் பெண் தன் தகப்பன் வரிசையை விட்டுப் போவதில்லை. நானும் சும்மா இருக்காமல், எங்களுக்கும் அப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும், கவுன்சில்காரன் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் எனக்கே கடிதம் போடுகிறான் என்றேன்.

"ஒரே ஒரு அப்பாதானோ?" என்று கேட்டார். காணி முழுவதையும் விற்றுவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

சோதனைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது நடந்தது. ஸ்டேஷனுக்குப் பின்பக்கத்து ரவுண்டபவுட்டில், வலப்பக்கத்தால் வருகிற வாகனங்களுக்கு வழிவிட்டு, மிக ஒழுங்காகக் காரை நிறுத்தியிருந்தார். பாராட்ட வாயெடுத்தேன். பின்னாலிருந்து டமார் என்று ஒரு இடி. கார் ஒரு முழம் முன்னே போய் நின்றது.

இறங்கிப் பார்த்தேன். பின்பம்பர் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. இடித்தது ஒரு மினிகாப், வாடகைக் கார். அதிலிருந்து மொட்டைத் தலையும் நரைத்த தாடியுமாக ஒருவர் இறங்கி, கையை விரித்து, "பழகுகிறவர்கள் இப்படித்தான் திடீரென்று நிறுத்துவார்கள்" என்று தொடங்கினார். நான் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆயத்தமானேன். அதற்குள் என் மாணவி இறங்கி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு முன்னால் போய் நின்று சோமாலியில் ஏதோ கேட்டார்.

அந்த மனிதர் பேச்சை நிறுத்தினார். தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். பிறகு மூச்சுவிடாமல் ஒரு வரிசை ஓடியது. என் மாணவியும் தன் வரிசையைத் தொடங்கினார். பின்னால் நின்ற வாகனங்கள் ஹோர்ன் அடித்தன. ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடியை இறக்கி, "யாருக்காவது காயமா?" என்று கேட்டாள். "இல்லை, இவர்கள் தாத்தாக்களைத் தேடுகிறார்கள்" என்றேன். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

தகப்பன் வழியில் ஒன்றும் ஒட்டவில்லை. இடித்தவர் தன் தாயின் வரிசையை எடுத்தார். அதில் ஏதோ ஒரு பாட்டனின் பெயர் வந்ததும் என் மாணவி கையைத் தட்டினார். அந்த மனிதர் இரண்டு கைகளையும் மொட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த கணம் குனிந்து, மிகுந்த மரியாதையாக, "ஹபர்யர்" என்றார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"இவனுடைய அம்மாவும் நானும் ஒரே பாட்டனிலை வாறம், ஒரே தலைமுறை. அப்ப நான் இவனுக்குத் தாயின்ரை தங்கச்சி முறை."

"எங்கடை சின்னம்மா."

"சின்ன அம்மா எண்டுதான் அந்தச் சொல்லுக்கும் அர்த்தம்" என்றார், நான் ஏதோ நல்ல விடை சொல்லிவிட்டதைப் போல. அந்த மகன் அவரைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"சரி. என்ரை பம்பர்?"

"அதைப்பற்றி யோசியாதேங்கோ. அவன் இப்ப என்ரை மகன், நீங்கள் என்ரை மாலின். இது குடும்பப் பிரச்சினை."

இன்சூரன்ஸ் என்று நான் சொன்னதும் இருவரும், சபையில் கெட்ட வார்த்தை பேசியவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். முறைப்படி விபரங்களை மாற்றிக்கொண்டோம். பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மெல்ல வீடு வந்தோம். வழியில் அவர் விளக்கினார். ஊரில் ஒருவன் இன்னொருவனுக்குச் சேதம் செய்தால், பொறுப்பு அவன் தலையில் மட்டும் விழாது. அவனுடைய கிளை முழுவதும் சேர்ந்து ஈடு செய்ய வேண்டும். பெரிய சேதம் என்றால் ஒட்டகங்கள் கைமாறும்.

"என்ரை பம்பருக்கு எத்தினை ஒட்டகம்?"

அவர் திரும்பிப் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார். "இந்தக் காருக்கோ? ஒரு ஆட்டுக்குட்டி. அதுவும் கொஞ்சம் நொண்டினது."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம் என்று செய்தி வந்தது. நான் வர வேண்டும், ஆனால் தனியே வரக்கூடாது.

"தனிய வாறவன் ஒண்டில் அரசாங்க உத்தியோகத்தன், இல்லாட்டி அநாதை" என்றார் என் மாணவி, அடுத்த பாடத்தில். "உங்கடை பக்கத்திலை ஆக்கள் வரவேணும். உங்கடை தகப்பன் வரிசை எவ்வளவு தூரம் போகும்?"

அப்பா, அப்பப்பா என்று சொன்னேன். அதற்கு முந்தியவர் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. அங்கேயே இருந்துவிட்டது.

"நாங்கள் இப்ப உதெல்லாம் பாக்கிறேல்லை" என்று சமாளித்தேன். "நாங்கள் கொஞ்சம் முன்னேறிட்டம்."

அவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். "போன கிழமை மீன் வைச்ச மாலுபாண் வாங்கக் கடையடியிலை நிப்பாட்டச் சொன்னனீங்கள். யன்னல் திறந்துதான் கிடந்தது. கல்லாவிலை நிண்ட புதுப் பெடியனை நீங்கள் ஒரு பாணுக்காக அவ்வளவு நேரம் விசாரிச்சனீங்கள். பிறகு எனக்கு மொழிபெயர்த்தும் சொன்னனீங்கள். எந்த ஊர் எண்டியள். ஊரிலை எவடம் எண்டியள். கோயிலுக்குக் கிழக்கையோ மேற்கையோ எண்டியள். எந்தப் பள்ளிக்கூடம் எண்டியள். பிறகு எல்லாம் விளங்கின மாதிரித் தலையாட்டினியள். என்ன விளங்கினது, மாலின்?"

என்ன விளங்கியது என்பதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விகள் எல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எந்த யாழ்ப்பாணத்தானுக்கும் தெரியும்.

"நாங்கள் நேரை தாத்தாவின்ரை பேரைக் கேப்பம். நீங்கள் வெக்கத்திலை கோயிலைச் சுத்தி வாறியள்" என்றார். நான் இன்டிகேட்டரைப் போடச் சொன்னேன். வளைவே இல்லாத இடம் அது.

என் பக்கத்து ஆட்களுக்கு எங்கே போவது? எங்கள் ஊருக்கு லண்டனில் ஒரு சங்கம் இருந்தது. இப்போது இரண்டு. வருடாந்த ஒன்றுகூடலைக் கிழக்கு லண்டனில் வைப்பதா, ஹரோப் பக்கம் வைப்பதா என்று தொடங்கிய வாக்குவாதம், ஆட்டிறைச்சியா மரக்கறியா என்று திரும்பி, மைக்கைப் பிடுங்குவதில் முடிந்தது. ஹரோவுக்குப் பக்கத்தில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் என் மச்சான், மனைவியின் அண்ணன், அந்தப் பக்கத்துச் சங்கத்தின் செயலாளர். கணக்காளர், எதிலும் ஒரு வரி பிசகாதவர். நான் இந்தப் பக்கம். மைக் சண்டைக்குப் பிறகு நாங்கள் கலியாண வீடுகளில் கண்டால் தலையசைப்பதோடு சரி. மனைவி மட்டும் இரண்டு பக்கமும் போன் பேசுவாள்.

மூன்று நண்பர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு ஷிப்ட், மற்றவருக்குக் கோயில், மூன்றாமவர் சோமாலியர் என்றதும் முதுகு வலிக்கிறது என்றார். வேறு வழியில்லாமல் மச்சானுக்கே போன் எடுத்தேன்.

"அத்தான்?" என்றார். குரலில் யாரோ செத்துவிட்டார்கள் என்ற பயம் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னேன்.

"பின்னாலை இடிச்சவன்ரை பிழை எண்டு உலகத்துக்கே தெரியும். இதுக்கு ஏன் கூட்டம்?"

"தனிய வந்தால் அநாதை எண்டு நினைப்பினமாம்."

மறுமுனையில் டயரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "எத்தினை மணிக்கு?" என்றார்.

கூட்டம் ஒரு தேநீர்க் கடையின் பின்னறையில். ஏலக்காயும் கறுவாவும் போட்டு, பாலை ஊற்றிக் காய்ச்சிய தேநீர் வந்தது. எங்கள் ரோல்ஸுக்குச் சித்தப்பா முறையான சம்புஸ், அவர்களுடைய சமோசா, வந்தது. சுவரோரம் வயதானவர்கள் வரிசையாக இருந்தார்கள். எல்லாரிலும் மூத்தவருக்கு மருதோன்றி போட்ட சிவப்புத் தாடி, கம்பளிக் கோட்டு, கையில் கைத்தடி. இடித்தவர் ஒரு மூலையில் பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். இது ஆண்களின் கூட்டம்தான். ஆனால் என் மாணவி அவருக்குச் சின்னம்மா என்பதாலும் எனக்கு மாணவி என்பதாலும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். எழும்பச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. எனக்கு மொழிபெயர்ப்பும் அவரே.

சிவப்புத் தாடிக்காரர் முதலில் மச்சானைக் காட்டி, இவர் உமக்கு யார் என்று என்னைக் கேட்டார்.

"என் மனைவியின் அண்ணன்."

அறைக்குள் ஒரு முணுமுணுப்பு. சம்பந்தி வீட்டார் மதிப்புக்குரியவர்கள்தான், ஆனால் உம்முடைய இரத்தம் இல்லையே என்றார்கள். மச்சான் எழும்பி, தானே விளக்கினார். "இவரின் தாயும் என் தந்தையும் கூடப்பிறந்தவர்கள். இவர் கட்டியது தன் சொந்த மாமனின் மகளை."

மொழிபெயர்த்த என் மாணவியே பாதியில் நின்றுவிட்டார். "மாமன்ரை மகளையோ? மாலின், எங்கடை பக்கத்திலை அது தங்கச்சியைக் கட்டின மாதிரி. நாங்கள் தூரத்திலை பெண்ணெடுத்து, புதுசாச் சொந்தம் சேக்கிற ஆக்கள்."

"நாங்கள் இருக்கிற சொந்தத்தையே திருப்பித் திருப்பிப் பாவிப்பம்" என்றேன்.

அதை அவர் மொழிபெயர்த்ததும் சுவரோரம் முழுவதும் குலுங்கியது. சிவப்புத் தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பளித்தார். இந்த மனிதருக்குத் தாய் பக்கமும் இவர்தான், மனைவி பக்கமும் இவர்தான், ஒரு கதிரையில் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், போதும், தொடங்கலாம்.

தொடங்கினார்கள். ஒருவர் கடவுளைப் புகழ்ந்தார். ஒருவர் லண்டனில் பிள்ளைகள் வளர்க்கும் கஷ்டத்தைச் சொன்னார். ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். பம்பர் என்ற சொல் எந்த மொழியிலும் வரவில்லை.

மச்சான் என் காதருகே குனிந்தார். "அத்தான், இது எங்கடை சங்கக் கூட்டம் மாதிரியே கிடக்கு. வந்த விசயத்தைத் தவிர மற்ற எல்லாம் கதைக்கினம்."

"பொறுங்கோ, இனி மைக்கைப் பறிப்பினம்."

அவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. நான் முதுகில் தட்டினேன். வருடக்கணக்காக நான் தொடாத முதுகு அது.

அப்போதுதான் உண்மையாகவே குரல்கள் உயர்ந்தன. இரண்டு கிழவர்கள் எழும்பி ஒருவரையொருவர் நோக்கி விரலை நீட்டிப் பாட்டன்மாரின் பெயர்களை எறிந்தார்கள். இடித்தவரின் பொறுப்பை அவருடைய சின்னக் கிளை ஏற்பதா, அதற்கு மேலே உள்ள பெரிய கிளை ஏற்பதா என்பதுதான் பிரச்சினையாம். கைகலப்பு வரும் என்று நினைத்து, இதென்ன இப்படிக் கத்துகிறார்கள் என்று என் மாணவியிடம் வேடிக்கையாகக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பதையும் நிறுத்தியிருந்தார்.

"சண்டைக் காலத்திலை தெருவிலை மறிச்சு இதைத்தான் கேப்பாங்கள்" என்றார் மெல்ல. "உன்ரை தகப்பன் ஆர், அவன்ரை தகப்பன் ஆர் எண்டு. என்ரை அண்ணைக்கு எல்லாப் பேரும் பாடம். சின்னனிலை அதுக்குப் பரிசெல்லாம் வாங்கினவர். மறிச்ச இடத்திலை ஒரு பேரும் பிசகாமல் சொன்னவராம். கூடப்போனவன் வந்து சொன்னவன். சரியாச் சொன்னபடியாத்தான் ஆள் திரும்பி வரேல்லை."

எனக்கும் அப்படிப்பட்ட தெருக்கள் தெரியும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, பிறந்த இடத்தைச் சொல்ல வாயைத் திறப்பதற்கு முன் விழுங்குகிற எச்சில் தெரியும். அதை அவரிடம் சொன்னேனா, இல்லை தலையை மட்டும் ஆட்டினேனா என்று இப்போது நினைவில்லை. மச்சான் தன் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அதாலை மகளுக்கு நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார், அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு. பிறகு அவருடைய வழமையான முகம் திரும்பியது. "ஆனா அவள் கள்ளி, போனிலை பாத்து எல்லாத்தையும் பாடமாக்கிப்போட்டாள். இப்ப நான் ஒரு பேரை விட்டால் திருத்துறாள்."

கிழவர்களின் சண்டை ஒருவழியாக ஓய்ந்தது. நான் நினைத்ததற்கு நேர்மாறான சண்டை அது. பொறுப்பைத் தட்டிக்கழிக்க அல்ல, ஏற்கத்தான் இருவரும் கத்தியிருக்கிறார்கள். யார் சரிக்கட்டினார்களோ அவர்கள்தான் பெரிய மனிதர்கள் என்று நாளைக்குப் பேச்சு வருமாம். முடிவில் பம்பரைச் சின்னக் கிளையும், வண்ணம் பூசுவதைப் பெரிய கிளையும் எடுத்துக்கொண்டன. கார் திருத்தும் உறவினர் ஒருவர் டகன்ஹாமில் இருந்தார். என் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, கார் பழக்கும் தொழிலில் உள்ள இன்னொரு உறவினர் தன்னிடம் சும்மா நிற்கும் காரைத் தருவதாகச் சொன்னார். என் இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டிருந்தால், வண்டி கிடைக்க முதல் என் தலைமயிர் முழுவதும் நரைத்திருக்கும்.

இடித்தவர் எழும்பி வந்து என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு சிவப்புத் தாடிக்காரர் என்னைக் கேட்கவில்லை. மச்சானைப் பார்த்து, "உங்கள் பக்கத்துக்குச் சம்மதமா?" என்றார்.

மச்சான் எழும்பினார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். சங்க மேடையில் அறிக்கை வாசிக்கும்போது நிற்பதுபோல நின்றார். நானும் அந்த அறிக்கைகளை எதிர்த்துப் பின்வரிசையிலிருந்து கத்தியவன்தான்.

"எங்கள் பக்கத்துக்குப் பூரண சம்மதம்" என்றார். "எங்கள் அத்தான் கோபக்காரர். ஆனால் நல்லவர். அவருக்காக நான் பொறுப்பு."

நான் கோப்பைக்குள் குனிந்து ஊதத் தொடங்கினேன். தேநீர்ச் சூடு என்று காட்டிக்கொண்டேன். என் மாணவி அதையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பார்க்க மட்டும் தெரியாதவர்போல மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

கார் அந்தக் கிழமையே திரும்பி வந்தது. பம்பர் மட்டும் மற்ற வெள்ளையைவிடக் கொஞ்சம் கூடின வெள்ளை. அது பெரிய கிளையின் கைவண்ணம் என்று சின்னக் கிளையில் பேச்சு.

கூட்டம் முடிந்த அன்று மச்சான் என்னை வீட்டில் இறக்கிவிட வந்தார். வழமையாக வாசலோடு திரும்புகிறவர் எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். மனைவி சமையலறைக் கதவில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மச்சான் கதையைத் தொடங்கினார். அவருடைய கதையில் கிழவர்கள் இரட்டிப்பாகியிருந்தார்கள், கைத்தடி வாளாகியிருந்தது, தான் ஆற்றிய உரை அரை மணி நேரமாகியிருந்தது. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

மனைவி முழுவதையும் கேட்டாள்.

"உங்கள் ரெண்டு பேரையும் கதைக்க வைக்க நான் எத்தினை தரம் போன் எடுத்திருப்பன்? கடைசியிலை சோமாலியாவிலை இருந்து ஒரு கிழவர் வரவேண்டிக் கிடந்ததோ?" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பம்பரைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் அதற்குள் உள்ளே போய் அரிசியைக் கூடுதலாகப் போட்டாள்.